கனடாவிலிருந்து வந்த சின்ன அல்பம்



நான் பணி நிமித்தம் போய்வரும் கிளிநொச்சி மாவட்டக் கிராமம் ஒன்றில் வசிக்கும் அம்மா ஒருவருக்குக் கடந்த மார்கழி மாதம் ஒரு பார்சல் வந்தது. ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். சொக்லேற், சவர்க்காரம், கால் நோவுக்குப் பூசும் தைலம் ஆகியவற்றுக்கு நடுவே, உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய அல்பம் ஒன்றும் இருந்தது. மகளின் மகள், ஒன்பது வயதுச் சிறுமி, தன் கையால் செய்து அனுப்பியது.

நான் அன்று போனது வேறு அலுவலாக. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சேமிப்புக் கணக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. "பிள்ளை, கணக்கு எங்கையும் ஓடிப் போகாது. முதல்லை இதை ஒருக்கால் வாசிச்சுச் சொல்லு" என்று அம்மா அல்பத்தை என் மடியில் வைத்துவிட்டார்.

மண்ணிறக் கடதாசியில் பன்னிரண்டு பக்கங்கள். ஓரத்தில் இரண்டு துளை போட்டு நாடாவால் கட்டியிருந்தது. முன் அட்டையில் 'என் குடும்பமும் இலையுதிர் காலமும்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். கனடாவில் ஒக்ரோபர் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை நன்றி தெரிவிக்கும் நாள். அதையொட்டிப் பாடசாலையில் செய்வித்திருக்க வேண்டும். மேப்பிள் இலையைக் கடதாசிக்குக் கீழே வைத்து, மேலே பஸ்ரலால் உரசி, நரம்பு நரம்பாக இலையின் பதிவை எடுத்திருந்தாள். முற்றத்து இலைகளை அப்பா வாரிக் குவிப்பது, அந்தக் குவியலுக்குள் தம்பி குதிப்பது, பூசணிக்காயுடன் அம்மா நிற்பது என்று படங்கள். அம்மம்மாவும் இருந்தார். வட்ஸ்அப்பில் கதைத்தபோது எடுத்த படம். எங்கள் முதியவர்கள் தொலைபேசியைப் பிடிக்கும் விதம் உங்களுக்குத் தெரியும்தானே! முக்கால் பங்கு நெற்றியும் கால் பங்கு கூரைத் தகரமுமாக இருந்தது.

கடைசி இரண்டு பக்கங்களிலும் ஒரு பெரிய மரம். ஒவ்வோர் இலையிலும் ஒரு பெயர். அம்மா விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார். நான் வாசித்தேன். மருமகனின் தம்பிமார், அவர்களின் பிள்ளைகள், ஒரு நாய்க்குட்டி கூட இருந்தது. முடிந்ததும் மறுபடி முதற் பக்கத்திலிருந்து புரட்டினார். அட்டையின் பின்புறத்தையும் பார்த்தார்.

"என்ரை பெடியன் எங்கை, பிள்ளை?"

இலை எதிலும் மகனின் பெயர் இல்லை.

சமூகவியல் படித்த காலத்தில் குடும்பம் என்பதற்கு எத்தனையோ வரைவிலக்கணங்களை மனனம் செய்து பரீட்சை எழுதியிருக்கிறேன். ஒரு குடும்பத்தில் யார் யார் என்பதை அறிய அந்த வீட்டு அல்பத்தைப் பார்த்தாலே போதும் என்பது இந்தத் தொழிலுக்கு வந்த பிறகுதான் விளங்கியது. அதில் இருப்பவர் குடும்பம். இல்லாதவர், அடுத்த தலைமுறைக்கு, பிறக்கவே இல்லாதவர்.

"நாங்களும் ஒண்டு செய்து அனுப்புவம்" என்றார் அம்மா.

அப்படித் தொடங்கியது தை மாதத்தில் ஒரு வேலையாகி, சங்கத்துப் பெண்கள் ஏழு பேர் மூன்று சனிக்கிழமைகள் கூடியிருந்து ஆளுக்கொரு அல்பம் செய்து முடித்தோம். ஆறு பேருக்கு வெளிநாட்டில் யாராவது இருந்தார்கள். ஏழாமவர் தனக்காகவே செய்தார்.

முதற் கேள்வி, எங்களுக்கு ஏது இலையுதிர் காலம் என்பது. பாடப் புத்தகத்தில் படித்த சொல்தானே அது. தமிழர் ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். அங்கே மேப்பிள் இலை சிவந்து விழும் ஐப்பசியும் அதை அடுத்த கார்த்திகையும் எங்களுக்குக் கூதிர். மாரி தொடங்கும் நேரம், புல்லும் பூண்டும் பச்சை பிடிக்கும் நேரம். அந்த அம்மாவுக்கோ ஐப்பசி என்றால் வேறொரு நினைவு. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு, கொட்டும் மழையில், வலிகாமத்து வீட்டைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கணவர், இரண்டு பிள்ளைகளுடன் செம்மணி வீதியால் நடந்தவர். கலியாண அல்பம் றங்குப் பெட்டிக்குள் இருந்துவிட்டது. அதன்பின் வன்னியிலேயே தங்கிவிட்டார்கள். அங்கேதான் கணவர் காய்ச்சலில் இறந்தார்.

ஆனால் இலை உதிராத ஊர் உண்டா? எங்கள் ஊர்களில் அது வரட்சியோடு வருகிறது. மாசி பங்குனியில் வேம்பு கொட்டுகிறது. முற்றம் கூட்டுகிற எங்களைக் கேட்டால் தெரியும், காலையில் கூட்டினால் மத்தியானம் அதே குப்பை. கொட்டங்காய் மரத்தின் இலை விழுவதற்கு முன் சிவந்து போகும். ஒன்றைப் பொறுக்கி அந்தச் சிறுமியின் மேப்பிள் இலைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நிறத்தில் எங்களுடையது ஒன்றும் குறைவில்லை. பலாவிலை மஞ்சளாகிச் செம்மஞ்சளாகி விழும். காவோலை விழுவதைப் பார்த்துக் குருத்தோலை சிரித்த கதையை ஒருவர் எடுத்துவிட, மாமியார் மருமகள் கதைகள் வந்து அன்றைய முதல் ஒரு மணித்தியாலம் வேலை நடக்கவில்லை.

இலை ஏன் நிறம் மாறுகிறது என்று பேத்தி கேட்டால் சொல்வதற்காகப் பெண்களுக்கு விளங்கப்படுத்தினேன். குளிர் நாடுகளில் பகல் குறுகத் தொடங்கியதும் மரம் இலைக்குப் புதிதாகப் பச்சையம் செய்வதை நிறுத்திவிடுகிறது. இருந்த பச்சையமும் சிதைந்து போகிறது. அப்போது தெரியும் மஞ்சள் நிறம் புதிதாக வந்தது அல்ல. தொடக்கத்திலிருந்தே இலைக்குள் இருந்தது, பச்சை அதை மூடிக்கொண்டிருந்தது. மேப்பிளின் சிவப்பு மட்டும் விழுவதற்குச் சற்று முன்னர் புதிதாக உண்டாவது.

உண்மையான இலைகளை ஒட்டி அனுப்பினால் என்ன என்று கேட்டார்கள். வேண்டாம் என்றேன். செடி, விதை, இலை ஆகியவற்றை நாடு விட்டு நாடு அனுப்புவதில் கட்டுப்பாடுகள் உள்ளன. பூச்சியும் நோயும் கூடவே போகும் என்பதற்காக. எங்கள் நாட்டிலும் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பேத்தி செய்தது போலப் பதிவு எடுப்பதே நல்லது. இலையின் அடிப்பக்கம், அதாவது நரம்பு புடைத்த பக்கம், மேலே பார்க்க வேண்டும். மெல்லிய கடதாசியை வைத்து, பஸ்ரலைப் படுக்கையாகப் பிடித்து ஒரே திசையில் உரச வேண்டும். அரசமிலை மிக அழகாக வரும், அதன் வால் நுனி உட்பட. கொட்டங்காய் இலை பெரிது, பக்கத்துக்குள் அடங்காது. பாதியை எடுத்தோம்.

உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் அல்பம் என்றால் இலையையே ஒட்டலாம். பத்திரிகைத் தாள்களுக்கிடையே வைத்துப் பாரம் ஏற்றி, ஒவ்வொரு நாளும் தாளை மாற்றி, ஒரு வாரம் விடுங்கள். மாரியில் செய்தால் பூஞ்சணம் பிடிக்கும்.

இனி அல்பம் செய்யும் முறை. பிறிஸ்ரல் போட் ஒன்றை 6 அங்குல அகலமுள்ள கீலங்களாக வெட்டுங்கள். ஒவ்வொன்றையும் 6 அங்குலத்துக்கு ஒருதடவை, முன்னும் பின்னுமாக, விசிறி போல மடியுங்கள். மடிப்பதற்கு முன், மை முடிந்த குமிழ்முனைப் பேனாவால் அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு அழுத்திவிட்டால் மடிப்பு நேராக வரும். ஒரு கீலம் போதாது என்றால் கீலங்களை ஓர் அங்குலம் மேற்பொருந்த ஒட்டி நீளமாக்கலாம். தைக்கவோ துளை போடவோ தேவையில்லை. விரித்தால் முழுக் குடும்பமும் வரிசையாக நிற்கும். மேசையில் நிறுத்தியும் வைக்கலாம்.

அட்டைக்குப் புதிய சேர்ட் வரும் பெட்டியின் மட்டை போதும். மடிப்பை விடக் கால் அங்குலம் பெரிதாக இரண்டு சதுரம் வெட்டி, துணியால் மூடுங்கள். அந்த அம்மா தனது பழைய நூற் சேலையில் கிழியாமல் இருந்த முந்தானைப் பகுதியை எடுத்து வந்தார். துணியை மட்டையை விட எல்லாப் பக்கமும் ஓர் அங்குலம் கூட விட்டு, நான்கு மூலைகளையும் சரிவாக வெட்டி, உள்ளே மடித்து ஒட்ட வேண்டும். ஒட்டுவதற்கு 1 கரண்டி கோதுமை மாவுக்கு 5 கரண்டி தண்ணீர் விட்டுக் காய்ச்சிய பசையே போதும். முன்பு புத்தகம் கட்டுபவர்கள் பூச்சி அரிக்காமல் இருக்க இதில் மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நஞ்சு. சிறுபிள்ளைகள் கையில் எடுக்கும் பொருளில் சேர்க்காதீர்கள். பூச்சிக்குப் பயம் என்றால் கடையில் விற்கும் பைண்டர் கம்மைப் பாவியுங்கள். ஒட்டி முடிந்ததும் ஓர் இரவு பாரத்தின் கீழ் இருக்கட்டும். நாங்கள் அரிசி மூடையை வைத்தோம்.

படங்கள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் படம் என்பது பலருக்கு இனிமேல் எடுக்க முடியாத ஒன்று.

பசை பூசிப் படத்தை ஒட்டாதீர்கள். நான்கு மூலைக்கும் சிறு கடதாசி முக்கோணம் மடித்து ஒட்டி, அதற்குள் படத்தைச் செருகுங்கள். தேவையானபோது கழற்றலாம். ஒட்டும் பக்கத்தின் மேல் பிளாஸ்ரிக் தாள் வரும் பழைய கடை அல்பங்கள் வீட்டில் இருந்தால் ஒருதடவை திறந்து பாருங்கள். அந்தப் பசை மஞ்சளாகிப் படத்தையும் பிடித்துக்கொள்ளும். இழுக்காதீர்கள். தையல் நூலைப் படத்துக்குப் பின்னால் மெதுவாக அரக்கிக் கொடுத்துப் பாருங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு, இருந்தபடியே தொலைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். படத்தின் பின்புறம் பெயரும் ஆண்டும் எழுதுவது அவசியம், ஆனால் பென்சிலால், மெதுவாக. லெமினேற் செய்யாதீர்கள். சூடு வைத்து மூடியதைப் பிறகு பிரிக்க முடியாது.

எங்களிடம் எதுவுமே மிஞ்சவில்லை என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஒரு காலத்தில் கலியாணம், சாமத்தியம், பிறந்தநாள் என்று எடுத்த படங்களில் ஒவ்வொரு பிரதி வெளிநாட்டுச் சொந்தங்களுக்குத் தபாலில் போனது. நாங்கள் தொலைத்தவை அவர்களின் அலுமாரிகளில் இருக்கலாம். அந்த அம்மாவின் கலியாணப் படம் இலண்டனில் இருக்கும் மைத்துனியிடமிருந்து வட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது. பட்டணத்துக் கடையில் பிரதி எடுத்துக் கொடுத்தேன். கணவரின் முகத்தை இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக அவர் கண்டதில்லை. "இவ்வளவு மெலிவே இந்த மனுசன்" என்று மட்டும் சொன்னார்.

மகனின் படத்துக்கு அப்படித் தேட வேண்டியிருக்கவில்லை. அது எப்போதும் அவருடனேயே இருக்கிறது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தபால் அடையாள அட்டை எடுத்தபோது பிடித்த சிறு படம். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ்களுடன் ஒரு சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் கட்டியபடி 2009 மே மாதம் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தவர் அவர். அன்றுதான் மகனைக் கடைசியாகக் கண்டார். பிறகு பல விசாரணைகளுக்கு அந்தப் படத்துடன் போனார். இரண்டு பிரதிகள் இருந்தன. ஒன்றை ஓர் அலுவலகத்தில் கோவைக்கென்று கேட்டு வாங்கினார்கள், திருப்பித் தரவில்லை. மற்றதைப் பாதுகாக்க எண்ணி லெமினேற் செய்வித்தார். உள்ளே குமிழ் குமிழாக வந்துவிட்டது. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் அவர் மடியில் வைத்திருந்ததும் அதைப் பெருப்பித்த பிரதிதான். சகோதரிகளே, எந்த அலுவலகம் கேட்டாலும் மூலப் படத்தைக் கொடுக்காதீர்கள். பிரதியைக் கொடுங்கள்.

மினுக்கம் விழாமல் இருக்க, வெளிச்சமுள்ள நிழலில் வைத்து, சற்றுச் சரிவாகப் பிடித்து, பிளாஷ் இல்லாமல் அந்தப் படத்தைத் தொலைபேசியில் எடுத்தேன்.

எந்தப் பக்கத்தில் வைப்பது? மூன்று சனிக்கிழமைகளில் ஒன்று முழுவதும் இதிலேயே போனது.

எங்கள் வீடுகளில் இறந்தவர்களின் படத்துக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. சுவரில் தனி இடம், மாலை, விளக்கு. இருப்பவர்களின் படத்தை அதற்குப் பக்கத்தில் மாட்ட மாட்டோம். இரண்டிலும் சேர்க்க முடியாதவரை எங்கே வைப்பது? "கடைசிப் பக்கத்திலை தனியா வையுங்கோ அம்மா" என்றார் ஒருவர். இன்னொரு பெண், அவரது கணவரும் அதே நாட்களில் காணாமற்போனவர், பிள்ளைகளின் அலுவல்களுக்காக மரணச் சான்றிதழ் எடுத்துவிட்டவர். "நான் மாலை போட்டிட்டன். போட்ட பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது" என்றார் மெல்லிய குரலில். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அம்மா எழுந்து போய் அவருக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

2016இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனவர் என்பதை உறுதிப்படுத்தும் சான்றிதழ் ஒன்றைப் பெறவும் வழி செய்யப்பட்டது. வங்கிக்கும் காணிக்கும் அது உதவும். மனதுக்குச் சான்றிதழ் இல்லை. அமெரிக்க அறிஞரான போலின் பொஸ் இதற்குத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு 1999இல் ஒரு நூலே எழுதினார். இந்த நிலையில் இருப்பவரை முடிவுக்கு வரும்படி நெருக்கக் கூடாது என்பது அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. மாலை போட்டவரும் சரி, போடாதவரும் சரி. என் தொழிலில் ஆலோசனை சொல்லாமல் இருப்பதுதான் சில நாட்களில் கடினமான வேலை.

எனக்கு வேறொரு கவலை இருந்தது. சிறுமியின் மரத்தில் மாமாவுக்கு இலை இல்லை என்றால், அவளிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதானே பொருள். தாய் வேண்டுமென்றே மறைத்திருக்கலாம். அங்கே அந்தக் குடும்பம் அமைதியாக வாழ்வதற்கு அந்த மௌனம் தேவையாக இருக்கலாம். ஓர் அல்பத்தைத் தபாலில் அனுப்பி அதை நாங்கள் உடைக்கலாமா? அம்மாவின் சம்மதத்துடன் மகளுடன் கதைத்தேன். விடயத்தைச் சொன்னதும் நீண்ட நேரம் சத்தமில்லை. தொடர்பு அறுந்துவிட்டதென்று நினைத்தேன். பிறகு, "எப்பிடித் தொடங்கிறதெண்டு தெரியாமல் ஒன்பது வருசம் போட்டுது அக்கா. போடச் சொல்லுங்கோ" என்றார்.

அம்மா முடிவு செய்த இடம் முதல் மடிப்பு. மகளின் படத்துக்குப் பக்கத்தில், சகோதரர்கள் இருவராக. கீழே பலாவிலையின் பதிவு ஒன்று. வலிகாமத்து வீட்டில் பலா மரம் நின்றது. அங்கே பலா உள்ள ஊர்ப் பிள்ளைகளுக்குக் காலை வேலை, விழுந்த பழுத்த இலைகளைக் குத்தூசியால் ஒவ்வொன்றாகக் குத்தி, மாலை போல நிறைத்துக் கொண்டுவந்து ஆட்டுக்குப் போடுவது. அக்காவும் தம்பியும் யார் கூடக் குத்துவது என்று போட்டி போடுவார்களாம். தம்பி எப்போதும் வெல்வானாம், ஏனென்றால் பக்கத்து வளவுக்குள்ளும் புகுந்து குத்திவிடுவான்.

பேனாவை எடுத்த நான் தடுமாறினேன். 'மாமா இருந்தார்' என்று எழுதுவதா, 'இருக்கிறார்' என்று எழுதுவதா? அம்மாவிடம் கேட்கவும் மனம் வரவில்லை. அவர் தானாகவே சொல்லத் தொடங்கினார், நான் சொன்னபடியே எழுதினேன்: "இது உன்ரை மாமா. பலாவிலை குத்திறதிலை கெட்டிக்காரன்."

வேறெதுவும் இல்லை. நல்ல வேளையாக எங்கள் மொழியில் அவ்வளவோடு வசனம் முடிந்துவிடும்.

பிள்ளைக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, கீழே ஆங்கிலத்திலும் எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம். தாயிட்டைக் கேக்கட்டும். அவள் வாசிச்சுக் காட்டட்டும்" என்றார். மற்றப் பக்கங்களை விரைவாக முடித்தோம். கலியாணப் படம், வேப்பிலை கொட்டிய முற்றம், ஆட்டுக்குட்டி, இந்த முறை நெற்றி மட்டுமல்லாமல் முழு முகமும் தெரிய நான் எடுத்த அம்மம்மாவின் படம். மாசி மாதக் கடைசியில் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

சித்திரை பிறந்த பிறகு அந்தப் பக்கம் போனேன். அல்பம் போய்ச் சேர்ந்துவிட்டதாம். பேத்தி வட்ஸ்அப்பில் கேட்ட முதல் கேள்வி குத்தூசி என்றால் என்ன என்பது. தாய் கைகளால் காட்டிப் பார்த்திருக்கிறார், பிள்ளைக்கு விளங்கவில்லை. இப்போது இங்கே எவரிடமும் குத்தூசி இல்லை. அம்மா பழைய சைக்கிள் கம்பி ஒன்றைத் தேடி எடுத்து, ஒரு நுனியைக் கல்லில் தீட்டி, மறு நுனியில் நூல் கட்டி வைத்திருந்தார். பலாவிலைதான் கிடைக்கவில்லை, கொட்டங்காய் இலை பரவாயில்லையா என்று கேட்டுக்கொண்டே முற்றத்தில் குனிந்தார். நான் தொலைபேசியை எடுத்தேன்.